மச்சத்தை எடுக்க லேசர்: எரிக்கும் முன் என்னவென்று தெரிய வேண்டாமா?

(நமது அம்பர்நாத் நிருபர்)

"அவனுக்கென்ன, உடம்பெல்லாம் மச்சம்" என்று நம் ஊர்ப் பக்கம் சொன்னால், அவன் கொடுத்து வைத்தவன் என்று பொருள். தொட்டதெல்லாம் துலங்குகிற ஆளை 'மச்சக்காரன்' என்கிறோம். ஆனால் அதே மச்சம் மூக்கின் நுனியிலோ மேலுதட்டிலோ சற்றுப் பெரிதாக உட்கார்ந்துவிட்டால், அதை அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்வதில்லை. பெண் பார்க்க வருகிறவர்களின் கண் முதலில் அங்கேதான் போகிறது. ஆண்களுக்கோ, சவரம் செய்யும்போதெல்லாம் பிளேடு படுவது அதில்தான்!

முன்பெல்லாம் 'பிறவியிலே வந்தது, போகும்போது கூடவே போகட்டும்' என்று விட்டுவிடுவார்கள். இப்போது அப்படி இல்லை. ரயில் நிலைய வாசலிலும், லோக்கல் வண்டியின் பெட்டிக்குள்ளும் சின்னச் சின்ன விளம்பரத் தாள்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. மச்சம், மரு, பாலுண்ணி எல்லாவற்றையும் லேசர் மூலம் வலி இல்லாமல், தழும்பு இல்லாமல், சில நிமிடங்களில் நீக்கித் தருவதாக அவை கூறுகின்றன. அழகு நிலையங்களும் இந்த வேலையில் இறங்கிவிட்டன.

லேசர் நல்ல கருவி. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த விளம்பரத் தாள்கள் ஒன்றைச் சொல்வதில்லை. மச்சத்தை எடுப்பது சுலபம். எடுக்கும் முன் அது மச்சம்தானா என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம். அந்த ஒரு செய்திக்காகவே இந்தக் கட்டுரை.

மச்சம் என்பது என்ன?

நம் தோலுக்கு நிறம் கொடுப்பது 'மெலனின்' என்ற பொருள். அதைத் தயாரிக்கும் உயிரணுக்கள் தோல் முழுவதும் பரவலாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு இருக்கின்றன. அவை ஓரிடத்தில் மட்டும் கூட்டமாகச் சேர்ந்துகொண்டால் அந்த இடம் கறுத்துத் தெரிகிறது. அதுதான் மச்சம். பயப்பட வேண்டிய நோய் அல்ல.

சில மச்சங்கள் பிறக்கும்போதே இருக்கும். மற்றவை சிறு வயதிலிருந்து நடு வயதுக்குள் ஒவ்வொன்றாகத் தோன்றும். வயது ஏற ஏறச் சில மச்சங்கள் கறுப்பு குறைந்து, தோல் நிறத்திலேயே ஒரு சிறு மேடாக மாறிவிடுவதும் உண்டு. கர்ப்ப காலத்தில் பெண்களுக்கு மச்சம் சற்றுக் கறுத்துத் தெரியலாம். இவையெல்லாம் இயற்கையே.

ஆனால் நாம் 'மச்சம்' என்று சொல்வதெல்லாம் மச்சம் அல்ல. இதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

மரு என்பது ஒரு வைரஸ் கிருமியால் வருவது. தொட்டால் பரவக் கூடியது. பாலுண்ணி கழுத்திலும் அக்குளிலும் தொங்கும் சிறு சதை. கன்னத்திலும் கண்ணுக்குக் கீழும் மிளகைத் தூவினாற்போல் வருகிற கரும் பொட்டுகள் இன்னொரு வகை. கறுத்த நிறமுள்ளவர்களுக்கே இது அதிகம் வரும். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் இருக்கும். இதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

கண்ணைச் சுற்றியும் நெற்றியிலும் ஒரு பக்கமாக நீலமும் சாம்பலும் கலந்த நிறத்தில் படரும் அடையாளமும் உண்டு. ஜப்பானிய டாக்டர் ஓட்டா 1939-ல் இதை விவரித்து எழுதியதால், அவர் பெயரிலேயே மருத்துவர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். நம்மைப் போன்ற ஆசியாக்காரர்களுக்கு வருவது இது. இது உள்ளவர்களுக்குக் கண்ணில் அழுத்தம் கூட வாய்ப்பு இருப்பதால், கண் டாக்டரிடமும் ஒருமுறை காட்டுவது நல்லது.

இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எல்லாவற்றையும் ஒரே கருவியால் ஒரே மாதிரி சுடுகிறவரிடம் நாம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருக்க வேண்டும்.

சுண்ணாம்பும் சோடாவும்

லேசர் வருவதற்கு முன் நம்மவர்கள் மச்சத்தைச் சும்மா விட்டார்களா என்றால், இல்லை. வெற்றிலைச் சுண்ணாம்போடு சலவைச் சோடாவைக் குழைத்து மச்சத்தின் மேல் வைப்பார்கள். சிலர் முந்திரிக்கொட்டை எண்ணெயைத் தொட்டு வைப்பார்கள். சிலர் ஊதுபத்தியால் சுடுவார்கள். மருவைக் குதிரை முடியால் இறுக்கிக் கட்டுவதும் உண்டு. இன்றும் இந்த வழக்கம் அடியோடு போய்விடவில்லை.

சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் தண்ணீர் விட்டுக் கலந்தால் என்ன உண்டாகிறது தெரியுமா? காஸ்டிக் சோடா! அம்பர்நாத்தில் ரசாயனத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கு இதைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. அந்த டிரம்மைத் தொடும்போது ரப்பர் கையுறை போடுகிறவர்கள், வீட்டில் அதையே முகத்தில் வைத்துக்கொள்வது எந்த விதத்தில் நியாயம்?

முந்திரிக்கொட்டை எண்ணெயும் அப்படித்தான். கன்னியாகுமரி மாவட்டத்து முந்திரி ஆலைகளில் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணெய் தோலை என்ன செய்யும் என்று தெரியும். சலவைத் தொழிலாளர்கள் துணிக்குக் குறி போடும் சேராங்கொட்டையும் அதே ரகம். பட்ட இடம் கொப்பளித்துப் புண்ணாகும்.

இவை மச்சத்தை மட்டும் பார்த்து எரிப்பதில்லை. பக்கத்துத் தோலையும் சேர்த்தே எரிக்கின்றன. மச்சம் இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய தழும்பு மிஞ்சுகிறது. இன்று இதே சரக்கு வேறு பெயரில், அழகான சிறு குப்பியில், தபாலில் வீட்டுக்கே வருகிறது. மச்சம் நீக்கும் மருந்து என்று கடையில் விற்கும் எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்திருக்கிறது. அவற்றை விற்ற நிறுவனங்களுக்கு 2022-ல் எச்சரிக்கைக் கடிதமும் அனுப்பியது.

பாராமதிக்காரர் கண்டுபிடித்த லேசர்

இனி லேசருக்கு வருவோம். 1960-ம் ஆண்டு மே 16-ந் தேதி, அமெரிக்காவில் தியோடர் மைமன் என்ற விஞ்ஞானி ஒரு சிறு ரூபிக் கல் தண்டிலிருந்து உலகின் முதல் லேசர் ஒளியை உண்டாக்கினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே சின்சினாட்டி நகரத் தோல் டாக்டர் லியோன் கோல்ட்மேன் அதை மனிதத் தோலில் பட வைத்து ஆராய்ந்தார். தோல் வைத்தியத்தில் லேசர் நுழைந்தது அப்படித்தான்.

ஆனால் சதையை வெட்டவும் ஆவியாக்கவும் டாக்டர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும் கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டுபிடித்தவர் யார்? நம் மகாராஷ்டிரத்துப் பாராமதியில் 1938-ல் பிறந்த குமார் பட்டேல்!

நாம் ஊருக்குப் போகும்போது கல்யாண், கர்ஜத், புனே தாண்டித் தவுண்டு ஜங்ஷன் வருகிறது அல்லவா? அங்கிருந்து பிரியும் கிளைப் பாதையின் கடைசி ஸ்டேஷன்தான் பாராமதி. அந்த ஊர்ப் பையன் புனே என்ஜினீயரிங் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்று ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, பெல் ஆராய்ச்சிச் சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். 1964-ல், சோடா பாட்டிலில் நாம் பார்க்கும் அதே கரியமில வாயுவிலிருந்து லேசர் கதிரை உண்டாக்கிக் காட்டினார். 1996-ல் அமெரிக்க அரசு அவருக்குத் தேசிய விஞ்ஞானப் பதக்கம் அளித்தது.

நம் செம்பூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. செம்பூரை அடுத்த டிராம்பே அணுசக்தி நிலையத்தில் 1964-லேயே இந்திய விஞ்ஞானிகள் ஒரு லேசரை உருவாக்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டு அதைக் கொண்டு, சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் கொலாபாவில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒளி மூலமாகச் செய்தி அனுப்பிக் காட்டினார்கள்.

இரண்டு வகை வேலை

சாதாரண விளக்கின் ஒளி நாலா பக்கமும் சிதறும். பல நிறங்கள் கலந்திருக்கும். லேசர் ஒளி ஒரே நிறம், ஒரே திசை. அதனால் குண்டூசி முனை அளவு இடத்தில் முழு பலத்தையும் குவிக்க முடிகிறது.

மச்சத்துக்குப் பயன்படும் லேசர் இரண்டு வகை. முதலாவது, மேலே சொன்ன கரியமில வாயு லேசர். இதன் கதிர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் எங்கே படுகிறது என்று காட்ட, கூடவே ஒரு சிவப்பு ஒளியும் வரும். நீர் இந்தக் கதிரை உடனே இழுத்துக்கொள்ளும். நம் சதையில் பெரும் பங்கு நீர்தானே! கதிர் பட்ட இடத்தில் நீர் கொதித்து ஆவியாகி, சதையும் படலம் படலமாகப் போய்விடுகிறது. மரத்துப் போகும் ஊசி போட்டுவிட்டுச் செய்வதால் வலி தெரிவதில்லை. மேடான மருவுக்கும், முகத்தில் தூவினாற்போன்ற பொட்டுகளுக்கும் இது நன்றாகவே பலன் தருகிறது.

இரண்டாவது வகை, சதையைத் தொடாமல் நிறத்தை மட்டும் தாக்குவது. ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கை எண்ணி அளக்கும் அளவுக்குக் குறுகிய நேரமே இந்த ஒளி பாய்கிறது. மெலனின் துகள் அதை வாங்கிச் சிதறிப் போகிறது. சிதறிய தூளை நம் ரத்த அணுக்களே மெல்ல மெல்ல அள்ளிச் சென்றுவிடுகின்றன. இந்தத் தத்துவத்தை ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு அமெரிக்க டாக்டர்கள் 1983-ல் விளக்கினார்கள். ஓட்டா அடையாளத்துக்கும், பச்சை குத்தியதை அழிப்பதற்கும் இதுவே சிறந்த வழி. ஒரே தடவையில் முடியாது. மாதக் கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை செய்ய வேண்டும்.

எரித்த பிறகு எதைச் சோதிப்பது?

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

கத்தியால் மச்சத்தை எடுத்தால், எடுத்த துணுக்கு கையில் இருக்கும். அதை மருந்து நீரில் போட்டுப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பலாம். அங்கே மெல்லிய சீவலாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்து, 'இது வெறும் மச்சம்' என்றோ 'இது வேறு' என்றோ எழுதிக் கொடுப்பார்கள். இதுதான் பயாப்சி எனும் திசுப் பரிசோதனை.

லேசரால் எரித்துவிட்டால்? எல்லாம் புகையாகப் போய்விட்டது. சோதிப்பதற்கு ஒரு துளியும் மிச்சம் இல்லை. போனது மச்சமா, மச்சம் போல இருந்த புற்றுநோயா என்று பிற்பாடு எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பல மச்சங்களுக்கு வேர் போல உயிரணுக்கள் தோலுக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். லேசர் மேல்பாகத்தை மட்டும் எடுத்துவிட்டால், சில மாதங்களில் அதே இடத்தில் கறுப்பு மீண்டும் தலைகாட்டும். அப்படித் திரும்பி வரும் மச்சம் கோணலாகவும் திட்டுத் திட்டாகவும் இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தாலும் புற்றுநோய் போலவே தோன்றி டாக்டரையே குழப்பிவிடும். முதலில் என்ன இருந்தது என்பதற்குச் சீட்டு இல்லாதவருக்கு, அப்போது தேவையில்லாத பயமும் பெரிய ஆபரேஷனும் வந்து சேரலாம்.

அம்பர்நாத்தில் எங்கள் சாலில் குடியிருக்கும் ஓர் அம்மாள், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மகளுக்கு மேலுதட்டில் பயறு அளவு மச்சம். சம்பந்தம் பேச வருகிறார்கள் என்றதும் அழகு நிலையத்தில் லேசர் வைக்கப் புறப்பட்டுவிட்டார். அக்கம் பக்கத்தார் சொன்னதன் பேரில், போகிற வழியில் ஒரு பொது ஆஸ்பத்திரித் தோல் டாக்டரிடம் காட்டினார். டாக்டர் பெரிதாக்கிக் காட்டும் கைக்கருவியை வைத்துப் பார்த்து, "பயமில்லை, நல்ல மச்சம்தான்" என்றார். மரத்துப் போகும் ஊசி போட்டு, தோல் மட்டத்துக்குச் சீவி எடுத்தார். ஆனாலும் துணுக்கைச் சோதனைக்கு அனுப்பினார்.

அந்த அம்மாளுக்கு மனம் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "ஏன் தம்பி, நல்ல மச்சந்தான்னு டாக்டரே சொல்லிட்டாவ. பெறகு எதுக்கு அதப் பாட்டில்ல போட்டு அனுப்புதாவ? எங்கிட்ட எதையும் மறைக்காவளோ?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா, கண்ணால் பார்த்துச் சொன்னதை எழுத்தில் உறுதி செய்துகொள்கிறார்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பத்து வருஷம் கழித்து அந்த இடத்தில் ஒரு புள்ளி வந்தாலும் நீங்கள் பதற வேண்டாம்" என்றேன். சில நாளில் ரிசல்ட் வந்தது. வெறும் மச்சம்தான். சீட்டு இப்போது ரேஷன் கார்டோடு பத்திரமாக இருக்கிறது.

உள்ளங்காலைப் பாருங்கள்

மச்சம் போலத் தோன்றும் புற்றுநோய்க்கு 'மெலனோமா' என்று பெயர். வெள்ளைக்காரர்களோடு ஒப்பிட்டால் நம்மவர்களுக்கு இது வருவது மிக மிகக் குறைவு. நம் தோலின் கறுப்பே நமக்குக் குடையாக இருந்து வெயிலின் கெடுதலைத் தடுக்கிறது. ஆகவே மச்சம் உள்ளவர்கள் யாரும் இதைப் படித்துவிட்டுக் கலங்க வேண்டாம்.

ஆனால் அபூர்வமாக நம்மைப் போன்ற நிறத்தவருக்கு வரும்போது, அது வருகிற இடம் வேறு. முகத்திலும் முதுகிலும் அல்ல. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில்தான் அதிகம். அதாவது யாரும் பார்க்காத இடங்களில்!

உலகப் புகழ் பெற்ற ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு நேர்ந்தது இதுவே. கால் பெருவிரல் நகத்தடியில் ஒரு புண். கால்பந்து ஆடும்போது பட்ட காயம் என்றே முதலில் எண்ணப்பட்டது. 1977-ல் அது மெலனோமா என்று தெரிந்தது. விரலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னபோது அவர் சம்மதிக்கவில்லை. நோய் உடம்பெங்கும் பரவி, 1981 மே 11-ந் தேதி தமது 36-வது வயதில் காலமானார்.

ஷூ கடித்த காயம், இரும்பு விழுந்து கட்டிய ரத்தம், ஆணிக்கால் என்று தொழிற்சாலையில் நாம் அலட்சியம் செய்வது எத்தனை! நகத்தடியில் கட்டிய ரத்தம் என்றால் நகம் வளர வளர முன்னால் நகர்ந்து வெளியேறிவிடும். நகராமல் அங்கேயே நின்று அகலமாகிற கறுப்புக் கோட்டையும், உள்ளங்காலில் புதிதாகப் பரவும் கரும் திட்டையும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இன்னொன்று. மெலனோமாவில் பெரும்பாலானவை பழைய மச்சத்திலிருந்து வருவதே இல்லை. தெளிந்த தோலில் புதிதாகத் தோன்றுகின்றன. பத்தில் மூன்று பங்கு அளவே மச்சத்திலிருந்து வருவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். எனவே 'எதற்கு வம்பு' என்று உடம்பில் உள்ள எல்லா மச்சத்தையும் எடுத்துவிடுவதால் பாதுகாப்பு கிடைத்துவிடாது. பணம்தான் நஷ்டம்.

ஐந்து கேள்விகள்

எந்த மச்சத்தைச் சந்தேகிக்க வேண்டும்? நியூயார்க் டாக்டர்கள் 1985-ல் நான்கு அறிகுறிகளை வகுத்தார்கள். 2004-ல் ஐந்தாவது சேர்ந்தது. அவற்றை நாமே வீட்டில் கண்ணாடி முன் நின்று கேட்டுக்கொள்ளலாம்.

1. மச்சத்தின் ஒரு பாதி மறு பாதியைப் போல் இருக்கிறதா, அல்லது கோணலாக இருக்கிறதா?

2. ஓரம் வட்டமாக, தெளிவாக இருக்கிறதா, அல்லது மை கசிந்தாற்போல் இருக்கிறதா?

3. ஒரே நிறமா, அல்லது கறுப்பு, பழுப்பு, சிவப்பு, நீலம் என்று பல நிறம் கலந்திருக்கிறதா?

4. 6 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது பென்சிலின் பின்பக்கத்தைவிடப் பெரிதாக இருக்கிறதா?

5. சமீப மாதங்களில் மாறுகிறதா? வளர்வது, அரிப்பது, ரத்தம் கசிவது, புண்ணாவது எல்லாம் மாற்றமே.

ஐந்தில் ஐந்தாவதுதான் மிக முக்கியம். பத்து வயதிலிருந்து ஒரே மாதிரி இருக்கும் பெரிய மச்சத்தைவிட, நாற்பது வயதுக்கு மேல் புதிதாக வந்து மாறிக்கொண்டே இருக்கும் சின்ன மச்சத்துக்கே அதிகக் கவனம் வேண்டும். இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால்கூட லேசர் வைக்கக் கூடாது. வெட்டி எடுத்துச் சோதிப்பதே முறை.

நம் நிறத்துக்கு ஏற்ற எச்சரிக்கை

நிறத்தைத் தாக்கும் லேசருக்கு மச்சத்தின் மெலனினும் ஒன்றுதான், நல்ல தோலின் மெலனினும் ஒன்றுதான். கறுத்த தோலில் மச்சத்தோடு சேர்ந்து சுற்றுப்புறமும் வெந்துபோக வாய்ப்பு உண்டு. அனுபவமுள்ள டாக்டர் அதற்கேற்ற ஒளியையும் அளவையும் தேர்ந்தெடுப்பார். கருவியை விற்றவர் சொல்லிக் கொடுத்த எண்ணை மட்டும் திருப்புகிறவர்களிடம் போனால், சின்ன மச்சம் போய்ப் பெரிய கருந்திட்டு வரும். இது பல மாதங்கள் மறையாது.

வேறு சிலருக்குத் தழும்பு தடித்து மேடாக வளரும். காது குத்திய இடத்திலோ அம்மை குத்திய இடத்திலோ உங்களுக்கு உருண்டை கட்டியிருக்கிறதா? அப்படியானால் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மார்பு, தோள், தாடை ஓரம் ஆகிய இடங்களில் இந்தத் தொல்லை அதிகம். சர்க்கரை வியாதி இருப்பவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதையும் சொல்ல வேண்டும்.

தழும்பே இல்லாமல் மச்சம் எடுப்பேன் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம். தோலின் மேல்படலத்துக்குக் கீழே போகிற எந்த வைத்தியத்துக்கும் சிறு அடையாளமாவது மிஞ்சும். அதைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைப்பதுதான் டாக்டரின் திறமை.

அங்க அடையாளம் போய்விட்டால்?

உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் படித்தவர்கள் தங்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். 'அங்க அடையாளங்கள்' என்ற இடத்தில் 'இடது கன்னத்தில் ஒரு மச்சம்' என்பது போல எழுதியிருக்கும். எங்கள் ரயில்வேப் பணிப் பதிவேட்டிலும் இதற்கென ஓர் இடம் உண்டு. பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் கேட்கப்படுகிறது.

கைரேகையும் கருவிழியும் பதிவாகிற காலம் இது என்றாலும், காகிதத்தில் எழுதிய அடையாளத்தைப் பார்க்கும் அதிகாரி இன்றும் இருக்கிறார். எடுக்கப் போகும் மச்சம் உங்கள் சான்றிதழில் எழுதியுள்ளதுதானா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால், எந்த இடத்து மச்சம், எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்று டாக்டரிடம் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆபீசில் எழுத்து மூலம் தெரிவித்து, வேறொரு அடையாளத்தைப் பதியச் சொல்லுங்கள். வளைகுடா நாடுகளுக்குப் போக நினைக்கும் இளைஞர்கள் இதை மறக்க வேண்டாம்.

எங்கே போவது? என்ன கேட்பது?

தனியார் லேசர் நிலையத்துக்குப் போகும் முன் ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிடுவது உத்தமம். அம்பர்நாத்திலிருந்து லோக்கல் வண்டியில் நேரே சயானில் இறங்கினால் லோகமான்ய திலக் ஆஸ்பத்திரி. தாராவி, மாதுங்காக்காரர்களுக்கு இது வீட்டு வாசல். பரேலில் 1926-ல் தொடங்கிய கே.இ.எம். ஆஸ்பத்திரி. இங்கெல்லாம் தோல் நோய்ப் பிரிவு உண்டு. காலையிலேயே போய்க் கேஸ் பேப்பர் எடுத்துவிட்டால் அன்றே டாக்டரைப் பார்த்துவிடலாம். சந்தேகம் பலமாக இருந்தால், 1941-ல் தொடங்கிய டாடா நினைவு ஆஸ்பத்திரியும் அதே பரேலில்தான் இருக்கிறது.

ரயில்வேக்காரர்களுக்குக் கல்யாணில் ரயில்வே ஆஸ்பத்திரி உண்டு. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு உல்லாஸ்நகர் ஆஸ்பத்திரி. அழகுக்காக மட்டும் எடுப்பதற்குப் பொதுவாக இந்தத் திட்டங்களில் செலவு கிடைக்காது. ஆனால் மாறுகிற மச்சத்தைச் சோதிப்பது அழகு வைத்தியம் அல்ல. அது நோய் வைத்தியம். அப்படியே டாக்டரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

லேசர் வைப்பது என்று முடிவானால், நான்கு விஷயங்களைக் கேட்கத் தயங்காதீர்கள். கருவியைப் பிடிப்பவர் தோல் மருத்துவத்தில் பட்டமோ டிப்ளமாவோ பெற்ற டாக்டரா? அவருடைய மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன? இது எந்த வகை மச்சம், இதற்கு லேசர்தான் சரியா? மொத்தம் எத்தனை தடவை, எவ்வளவு செலவு? பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் முகத்தைக் கொடுக்க வேண்டாம். லேசர் வைக்கும்போது உங்கள் கண்ணுக்கு மறைப்பு போடுவதும் கட்டாயம்.

எடுத்த பிறகு பொருக்கு கட்டும். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே உதிரும். நகத்தால் பிய்க்கக் கூடாது. டாக்டர் கொடுத்த களிம்பைத் தவிர மஞ்சள், எண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். சில வாரங்களுக்கு வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் கறுத்துவிடும். ஆகவே கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஓடாதீர்கள். சில மாதங்களுக்கு முன்பே செய்துகொள்ளுங்கள்.

'மச்சத்தை எடுத்தால் அதிர்ஷ்டம் போய்விடுமே' என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கலாம். அந்த நம்பிக்கைக்கு மருத்துவத்தில் பதில் இல்லை. தொந்தரவு தராத மச்சம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று வைத்துக்கொள்வதிலும் தவறே இல்லை. எடுத்தாலும் வைத்துக்கொண்டாலும், அது இன்னதென்று தெரிந்து செய்ய வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது, வீட்டில் உள்ளவர்களை விட்டு முதுகையும் உள்ளங்காலையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். செலவில்லாத சோதனை அதுவே.